கழுத்தில் நெறி, மூக்குக்குப் பின்னால் வேர்

ஹாங்காங் மருத்துவர்கள் 4,768 மூக்குத்தொண்டைப் புற்றுநோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டி, ஒரு சாதாரணக் கேள்விக்கு விடை தேடினார்கள். உடம்பில் முதல் தொந்தரவு தெரிந்த நாளுக்கும், நோய் இன்னதென்று உறுதியான நாளுக்கும் நடுவே எவ்வளவு காலம் போயிற்று? சராசரியாக எட்டு மாதம். நான்கில் மூன்று பேர் கழுத்தில் கட்டியோடு வந்திருந்தார்கள். ஏறக்குறைய அதே அளவினருக்கு மூக்கில் தொந்தரவு. பத்தில் ஆறு பேருக்குக் காதில் அடைப்போ இரைச்சலோ இருந்தது. உலகிலேயே இந்த நோயை அதிகம் பார்த்த ஊர்களில் ஒன்று ஹாங்காங். அங்கேயே எட்டு மாதம் ஆகிறதென்றால், ஒரு மருத்துவர் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை மட்டுமே இதைப் பார்க்கக்கூடிய ஊர்களில் என்ன ஆகும்?

தாமதத்துக்குக் காரணம் அந்த இடம்தான். இரண்டு மூக்குத் துவாரங்களும் உள்ளே போய் முடிந்து, தொண்டை தொடங்குகிற இடத்தில், அண்ணத்துக்கு மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது. வாயைத் திறந்து ‘ஆ’ சொன்னால் அது தெரியாது. மூக்கில் டார்ச் அடித்தாலும் தெரியாது. அதன் இரு பக்கச் சுவர்களிலும் காதிலிருந்து வரும் குழாய் வந்து திறக்கிறது. அந்தத் திறப்புக்குப் பின்னால் ரோசன்முல்லர் குழி என்று ஒரு பள்ளம். இந்தப் புற்று பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. பக்கத்திலிருக்கும் குழாயை அது அடைக்கும்போது ஒரு பக்கக் காது மட்டும் மந்தமாகிறது. சளியைக் காறும்போது அதில் லேசாக ரத்தம் தெரிகிறது. மண்டையோட்டின் அடித்தளத்தை அரித்து மேலே ஏறினால் கண்ணை அசைக்கும் ஆறாவது நரம்பு பாதிக்கப்பட்டு, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் முன்பே பலருக்குக் காதுக்குக் கீழே, கழுத்தில் வலியில்லாத நெறி கட்டிவிடுகிறது.

கழுத்தில் நெறி கட்டினால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அப்படி நினைப்பதில் பிழையில்லை, அதுதான் இங்கே அதிகம். ஆனால் கட்டியில் ஊசி போட்டு எடுத்துப் பார்க்காமலே டி.பி. மாத்திரை தொடங்கி, கட்டி குறைகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, பிறகு புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை இந்தியப் புற்றுநோய் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். இந்தியா போன்ற, இந்த நோய் அரிதான நாடுகளில் பதின்ம வயதினருக்கும் இது வருகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கழுத்தில் கட்டி என்றால் யாருக்கும் புற்றுநோய் என்று தோன்றாது. ஒரு மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டுப் பார்க்க ஈ.என்.டி. மருத்துவருக்குச் சில நிமிடங்கள் போதும், அட்மிட் ஆகத் தேவையில்லை. அதைச் செய்யச் சொல்ல ஒருவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகம் முழுவதும் சுமார் 1,33,000 பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தவர்கள். தென் சீனாவின் குவாங்டாங் மாகாணம்தான் இதன் தலைமையகம். வட ஆப்பிரிக்கா, கிரீன்லாந்து இனுயிட் மக்கள், இந்தியாவுக்குள் நாகாலாந்து, மணிப்பூர் என்று அங்கங்கே இது திரண்டு நிற்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்கள், சீனக் குடும்பங்களில் இந்த நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதே ஊர், அதே காற்று, ஆனாலும் அங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கு இது அரிது. மரபணு, சிறு வயதுச் சாப்பாடு, ஒரு வைரஸ் மூன்றும் சேர்ந்தால்தான் நோய் வேர் பிடிக்கிறது.

அந்த வைரஸ் எப்ஸ்டீன்-பார். 1964இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் புர்கிட் கட்டியில் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் இதைக் கண்டார்கள். 1970இல் மூக்குத்தொண்டைக் கட்டிக்குள்ளேயே இந்த வைரஸின் டி.என்.ஏ. இருப்பதை ஹரால்டு சுர் ஹவுசன் குழு காட்டியது. உலகின் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது உடம்பில் ஓசையில்லாமல் தங்கியிருக்கிறது, நமக்கும்தான். வைரஸ் இருப்பதாலேயே புற்று வந்துவிடாது. கான்டனீஸ் குடும்பங்கள் சிறு குழந்தைகளுக்கு ஊட்டிய உப்பு மீனின் மேல் ஹாங்காங் கதிரியக்க மருத்துவர் ஜான் ஹோ சந்தேகம் கொண்டார். பின்னால் வந்த ஆய்வுகள் அவர் பக்கம் நின்றன. 1993இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சீன முறை உப்பு மீனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்தது. உடனே நம் கருவாட்டின் மேல் கண் போகும். அதே முகமை, பிற வகை உப்பு மீன்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய ஆதாரமில்லை என்று தனியே வகைப்படுத்தியது. சீன முறையில் மீன் உப்பேறும்போதே பாதி அழுகி மிருதுவாவதையும், அதில் நைட்ரோசமைன்கள் என்ற வேதிப்பொருள்கள் சேர்வதையும்தான் ஆய்வாளர்கள் குறிப்பாகச் சந்தேகித்தார்கள்.

சிகிச்சைக்கு வருவோம். வயிற்றிலோ மார்பிலோ புற்று என்றால் அறுவை மருத்துவர் முன்னால் நிற்பார். இங்கே கட்டி மூளைத் தண்டுக்கும் மூளைக்குப் போகும் தமனிக்கும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, கத்தி வைக்க இடமில்லை. ஆனால் இதன் செல்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் மடங்குகின்றன. நம் மருத்துவமனை வராந்தாக்களில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்கிறார்களே, அதுதான் இந்த நோயின் முதல் மருந்து.

ஹாங்காங்கில் 1976 முதல் 1985 வரை கதிர்வீச்சு பெற்ற 5,037 பேரின் கணக்கு இருக்கிறது. பத்து ஆண்டுக்குப் பிறகு 43% பேர் உயிரோடிருந்தார்கள். மருந்தும் கருவியும் அவ்வளவு முன்னேறாத காலத்தில், பாதிப் பேருக்கு மேல் முற்றிய நிலையில் வந்த ஒரு நோயில், இது சாதாரண எண் அல்ல. அந்தக் காலக் கதிர்வீச்சு இரு பக்கங்களிலிருந்தும் அகலமாகப் பாய்ந்தது. கட்டி கரைந்தது, கூடவே உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கருகின. பிழைத்தவர்கள் ஒரு வாய் சோறு விழுங்கக்கூடப் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இப்போது செய்யப்படும் செறிவு மாற்றிய கதிர்வீச்சு (மருத்துவமனைகளில் ஐ.எம்.ஆர்.டி.) கட்டியின் வடிவத்துக்கு வளைந்து விழுகிறது. முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் வலைத் தகட்டை வெந்நீரில் போடுகிறார்கள். அது துணி போல் தொய்ந்ததும் படுத்திருக்கும் நோயாளியின் முகத்தில் விரித்து, மூக்கு, நெற்றி, தாடை எல்லாம் பதியும்படி அழுத்துகிறார்கள். சில நிமிடங்களில் அது இறுகி முகமூடியாகிவிடும். பிறகு அந்த முகமூடியை மேஜையோடு பூட்டித்தான் தினமும் சிகிச்சை, தலை ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் இருக்க. மருத்துவர் ஸ்கேன் படங்களில் ஒவ்வொரு அடுக்காக, எது கட்டி, எது கண் நரம்பு, எது உள்காது, எது உமிழ்நீர்ச் சுரப்பி என்று கோடு போட்டுப் பிரித்திருப்பார். வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் சுமார் 70 கிரே அளவு கதிர். மூன்றாவது வாரத்தில் வாய் புண்ணாகும், நாக்கில் ருசி போகும். கஞ்சிகூடக் கசக்கும். சிலருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு.

616 பேரைக் கொண்டு சீனாவில் நடந்து 2012இல் வெளியான ஒப்பீட்டில், பழைய முறையில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 67.1%, புதிய முறையில் 79.6%. உயிரும் கூடியது, உபாதையும் குறைந்தது. ஒரு கருவி இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது புற்றுநோய் மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதல்ல.

கீமோதெரபி சேர்ந்தது இதற்கு முன்னால். 1998இல் அமெரிக்காவில் அல்-சராஃப் குழு, கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் சேர்த்தபோது மூன்றாண்டு உயிர்ப்பு விகிதம் 47 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாக உயர்ந்ததாக அறிவித்தது. ஆசிய மருத்துவர்கள் உடனே நம்பவில்லை. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் முடிவு அந்த ஆய்வில் அவ்வளவு மோசமாக இருந்ததே அவர்களுக்கு நெருடல். அமெரிக்க நோயாளிகளின் கட்டி வகையும் வேறு. அதனால் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் சீனாவிலும் தனித்தனியே சோதித்தார்கள், பயன் உண்மைதான் என்று தெரிந்தது. 2019இல் குவாங்சோவின் மா ஜுன் குழு 480 பேரிடம் இன்னொரு படி போனது. கதிர்வீச்சுக்கு முன்பே ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் இரண்டையும் மூன்று சுற்று கொடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் அப்படிப் பெற்றவர்களில் 87.9% பேர், பெறாதவர்களில் 78.8% பேர் உயிரோடிருந்தார்கள். இவர்கள் கழுத்து நெறிகளுக்குப் பரவிய, முற்றிய நிலை நோயாளிகள். பழைய 43 சதவீதத்தோடு இதை நேராக வைத்து ஒப்பிடக் கூடாது, ஆய்வுகளில் சேர்க்கப்படுவோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆனாலும் போன திசை ஐயமில்லாமல் தெரிகிறது. இந்த இரண்டு மருந்துகளும் பழையவை, பெயர் பெற்ற புதிய மருந்துகளோடு ஒப்பிட்டால் விலை மலிவானவை என்பதை நம் போன்ற நாட்டில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

“டாக்டர், எத்தனை சதவீதம் சான்ஸ்?” என்றுதான் குடும்பம் கேட்கிறது. மருத்துவர் மனதில் ஓடுவது ஒரு பட்டியல். கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது, கழுத்து நெறி ஒரு பக்கமா இரு பக்கமா, காறை எலும்பு வரை இறங்கிவிட்டதா, எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்குப் பரவியதா, வயது என்ன, ஆணா பெண்ணா, கட்டியின் கன அளவு என்ன, செல் எந்த வகை, ரத்தசோகை இருக்கிறதா, எல்.டி.எச். நொதி ஏறியிருக்கிறதா. பெண்களுக்கும் இளையவர்களுக்கும் முடிவு ஓரளவு நன்றாக இருக்கிறது. கழுத்தில் நெறி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு தூரத்தில் நோய் மறுபடி தலைகாட்டும் வாய்ப்பு கூடுகிறது. இந்தப் பட்டியலைப் பலர் ஜாதகம் போல, எழுதியாயிற்று, இனி மாற்ற முடியாது என்று கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயதையும் பாலினத்தையும் மாற்ற முடியாதுதான். எந்த நிலையில் நோய் பிடிபடுகிறது என்பதை மாற்ற முடியும். எங்கே, எவ்வளவு ஒழுங்காகச் சிகிச்சை நடக்கிறது என்பதையும் மாற்ற முடியும்.

ஒழுங்கு என்றால் என்ன என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1997இல் வெளியான ஹாங்காங் ஆய்வு, கதிர்வீச்சு திட்டமிடாமல் நின்றுபோன ஒவ்வொரு நாளுக்கும், கட்டி மூக்கிலோ கழுத்திலோ திரும்பும் ஆபத்து சுமார் 3.3% கூடுவதாகக் கண்டது. வாய்ப்புண் தாங்காமல் பத்து நாள் வீட்டுக்குப் போவது, ஊர்த் திருவிழா, இயந்திரம் பழுது, பஸ் செலவுக்குப் பணமில்லை என்று இடைவெளி விழுவது எல்லாம் இந்தக் கணக்கில் ஏறும். நோயாளியைத் திட்டுவதால் இது தீராது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க ஓர் இடம், வலிக்கு உரிய மருந்து, எடை குறையாமல் பார்த்துக்கொள்ள ஓர் உணவு நிபுணர், இயந்திரம் நின்றால் சனிக்கிழமை ஈடுகட்டும் ஏற்பாடு ஆகியவையும் சிகிச்சைதான். புதிய மருந்துக்குச் செலவழிக்கும் கவனத்தில் கொஞ்சம் இங்கே வந்தால் பல உயிர் மிஞ்சும் என்று நம்புகிறேன்.

பட்டியலில் மிக முக்கியமான புதிய வரவு, ரத்தத்தில் மிதக்கும் வைரஸ் துணுக்கு. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் லோ, கர்ப்பிணியின் ரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. இருப்பதை 1997இல் கண்டவர். புற்றுக் கட்டியும் அப்படித் தன் துணுக்குகளை ரத்தத்தில் விடும் என்று அவர் கருதினார். 1999இல் 57 மூக்குத்தொண்டைப் புற்றுநோயாளிகளைச் சோதித்தபோது அவர்களில் 55 பேருடைய பிளாஸ்மாவில் எப்ஸ்டீன்-பார் டி.என்.ஏ. தெரிந்தது. திரும்பி வந்த கட்டியை அறுத்து எடுத்ததும் இது ரத்தத்திலிருந்து மறையும் வேகமும் வியப்பானது, சுமார் 139 நிமிடங்களில் அளவு பாதியாகிவிடுகிறது. அதாவது ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. இருந்துகொண்டே இருந்தால் அதை விட்டுக்கொண்டிருக்கும் கட்டி எங்கோ உயிரோடிருக்கிறது. 2004இல் தைவான் மருத்துவர்கள் 99 பேரைப் பின்தொடர்ந்து, சிகிச்சை முடிந்த பிறகும் இந்த டி.என்.ஏ. தெரிந்தவர்களுக்கு முடிவு மிக மோசம் என்று காட்டினார்கள். ஸ்கேனில் எல்லாம் சுத்தமாக இருக்கும்போதே ரத்தம் எச்சரிக்கிறது.

எச்சரிக்கையை வைத்து என்ன செய்வது என்பதில்தான் தடுமாற்றம். சிகிச்சைக்குப் பின் வைரஸ் தெரிந்த 104 பேருக்கு ஹாங்காங்கில் கூடுதல் கீமோ கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. 2018இல் வெளியான அந்த முடிவு பலருக்கும் ஏமாற்றம். 2021இல் வேறொரு வழி கைகொடுத்தது. முற்றிய நிலை நோயாளிகள் 406 பேரில் ஒரு பாதிக்குக் கதிர்வீச்சு முடிந்த பின் கேப்சிடபின் மாத்திரையைக் குறைந்த அளவில் தினமும் ஓராண்டு கொடுத்தார்கள். மூன்றாண்டில் நோய் திரும்பாதவர்கள் மாத்திரை பெற்றோரில் 85.3%, பெறாதோரில் 75.7%. மறுபக்கம், ஆபத்து குறைந்தவர்களுக்குச் சிகிச்சையைக் குறைக்கவும் இதே ரத்தப் பரிசோதனை உதவுகிறது. வைரஸ் அளவு குறைவாக, நெறி சிறியதாக இருந்த 341 பேரிடம் நடந்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 90.5% பேரும் சிஸ்பிளாட்டின் சேர்த்துப் பெற்றவர்களில் 91.9% பேரும் மூன்றாண்டு நோயின்றி இருந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை. வாந்தியும் காது மந்தமும் சிறுநீரகச் சிக்கலும் தரும் மருந்தைத் தேவையில்லாதவருக்குத் தவிர்க்க முடிவது சின்ன வெற்றி அல்ல.

திரும்பி வந்த நோய்க்கு முன்பெல்லாம் மறுபடி கதிர்வீச்சு, அதன் விளைவாக உள்ளே சதை அழுகுதல், ரத்தப்போக்கு. கத்தி வைக்க முடியாத இடம் என்றேன். அந்த நிலையும் மாறிவருகிறது. 1991இல் ஹாங்காங்கின் வில்லியம் வெய் மேல்தாடை எலும்பைக் கதவு போல் திறந்து உள்ளே போகும் அறுவையை விவரித்தார். இப்போது மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் கொண்டு, சிறிய மறுகட்டிகளை வெட்டி எடுக்கிறார்கள். 2021இல் வெளியான சீன ஆய்வில் அப்படிச் செய்துகொண்டவர்களில் 85.8% பேரும் மறு கதிர்வீச்சு பெற்றவர்களில் 68% பேரும் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். உடம்பு முழுக்கப் பரவியவர்களுக்கு டோரிபாலிமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்து கீமோவோடு சேர்ந்து நோய் முற்றாத காலத்தை நீட்டியது. அமெரிக்காவில் 2023 அக்டோபரில் அதற்கு அனுமதி கிடைத்தது. நம் பெரும்பாலான குடும்பங்களுக்கு இத்தகைய மருந்துகளின் விலை எட்டாத உயரம்.

இவ்வளவையும்விட என் மனதில் நிற்பது 2017இல் வந்த ஒரு முடிவு. நோய்க்குறி எதுவுமில்லாத, 40 முதல் 62 வயதுள்ள 20,174 சீன ஆண்களின் ரத்தத்தை லோ குழு சோதித்தது. வைரஸ் தெரிந்தவர்களை நான்கு வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது 309 பேருக்கு அது நீடித்தது. அவர்களை எண்டோஸ்கோப்பிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்ததில் 34 பேருக்குப் புற்று. அவர்களில் 71% பேர் முதல் இரண்டு நிலைகளில் இருந்தார்கள். தானாக நோய்க்குறியோடு வருபவர்களில் அந்த நிலையில் இருப்போர் வெறும் 20%. மூன்றாண்டு நோய் முற்றாமல் இருந்தவர்கள் 97%, பழைய கணக்கில் அது 70%. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் இப்படிப் பரிசோதனை செய்வதில் பொருளில்லை, நோய் அவ்வளவு அரிது. குவாங்டாங்கிலும் ஹாங்காங்கிலும் நோயாளிகளின் நெருங்கிய உறவினர்களுக்கு இது உயிர் காக்கும்.

பிழைத்தவர்களின் வாழ்க்கை புள்ளிவிவரத்தில் முழுதாக ஏறுவதில்லை. ஹாங்காங்கில் ஆரம்ப நிலை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பின் கடுமையாக வாய் வறண்டவர்கள் பழைய கதிர்வீச்சில் 82.1%, புதியதில் 39.3%. பாதியாகக் குறைந்தாலும் பத்தில் நான்கு பேர் அவதிப்பட்டார்கள். உமிழ்நீர் குறைந்தால் பல் சொத்தையாகும். அதனால் கதிர்வீச்சுக்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டிச் சீர்செய்ய வேண்டும், பின்பும் ஃபுளோரைடு தடவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்தில் விழுந்த கதிரால் ஆண்டுகள் கழித்துத் தைராய்டு மந்தமாகும். சோர்வு, எடை ஏற்றம் என்று வந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சரியாகும். தாடை இறுகாமலிருக்கச் சிகிச்சையின்போதே தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்ய வேண்டும். 2022இல் வெளியான சீன ஆய்வு ஒன்று, கீழ்க்கழுத்தில் நெறியில்லாத நோயாளிகளுக்கு மேல்கழுத்தோடு கதிரை நிறுத்திப் பார்த்தது. கழுத்தில் நோய் திரும்புவது கூடவில்லை, தைராய்டு மந்தமும் விழுங்கும் சிரமமும் குறைந்தன.